தீ மிதித்தவனுக்கு நஷ்டஈடு உண்டா?

ஃபிஜித் தீவின் நவுவாவில் நான் கண்ட பெரிய அதிசயம், வேலைக்குப் போகாத நாளுக்கும் மில்லிலிருந்து சம்பள உறை வருவதுதான். வலது பாதத்தில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். பதினைந்து நாளுக்கொரு முறை மில் லாரி வந்து நிற்கும். டிரைவர் இறங்கி, சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மதராஸில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒருவனுக்கு விரல் போனபோது, முதலாளி ஒரு டம்ளர் காப்பி வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அதையே பெரிய மனசு என்று நாங்கள் வாரக்கணக்கில் பேசினோம்.

இங்கே மரம் அறுக்கும் மில்லில் ஒரு பெரிய கட்டை உருண்டு வந்து என் பாதத்தில் உட்கார்ந்துவிட்டது. மூன்று எலும்பு முறிந்தது. முதல் உறை வந்ததும் நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நல்ல சேவலாகப் பார்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நொண்டியபடியே வெள்ளைக்கார மேனேஜர் துரை வீட்டுக்கு நன்றி சொல்லப் போனேன். துரை சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன விலை என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் சேவல் அவருடைய ரோஜாச் செடிகளுக்குள் பாய்ந்துவிட்டது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, இது தருமமில்லை, சட்டம். வேலையினால் அடிபட்டால், தப்பு யாருடையது என்ற வழக்கே வேண்டாம். வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதும்வரை கொடுத்தாக வேண்டும். கால் பழையபடி ஆகாது என்றால் அதற்குத் தனியாக ஒரு தொகை உண்டு. சேவல்தான் அநியாயமாகப் போயிற்று.

என் மனைவி தனபாக்கியம் ஃபிஜியிலேயே பிறந்தவள். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். உடனே மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். கால் தப்பியது. வீட்டுக்கு வந்த அன்று மெதுவாக விஷயத்தை அவிழ்த்தாள்.

"ஏங்க, இந்த வருசப் பூஜைக்கு நீங்க தீ மிதிக்கணும்."

"வேண்டிக்கிட்டது நீதானே?"

"காலு உங்களோடதுதானே!"

மதராஸில் தீமிதி நடந்தால் தள்ளி நின்று கேலி பேசியவன் நான். கடல் தாண்டி வந்து பத்து நாள் கோயிலிலேயே படுத்து, பாதத்துக் கட்டை அவிழ்த்து மஞ்சள் பூசி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்ளத் தணலில் இறங்கினேன். எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். வலிக்கவே இல்லை. அக்கரையில் பால் ஊற்றிய குழியில் கால் வைத்ததும் சந்தோஷம் தாங்காமல் விழுந்து விழுந்து சிரித்தேன். நிமிர்ந்தால் கூட்டத்தின் முதல் வரிசையில் மேனேஜர் துரை, கையில் காமிராவோடு.

அடுத்த முறை உறைக்குப் பதில் கடிதம் வந்தது. நெருப்பில் நடப்பவனால் மில்லுக்கும் நடக்க முடியும், ஆகவே பணம் நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது. தலைநகரில் தொழிலாளர் வழக்கைப் பார்க்கும் லேபர் ஆபீஸருக்கு மனு எழுதிப் போட்டேன், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

சுவாவில் லேபர் ஆபீஸரின் மேஜைமேல் துரை எடுத்த என் தீமிதிப் போட்டோ இருந்தது. ஒரு பக்கம் துரை, மறுபக்கம் அரசாங்க டாக்டர். நான் மதராஸிலிருந்து கொண்டுவந்த ஷூவைச் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"நடந்தது நீதானா?" என்றார் ஆபீஸர்.

"நான்தான் சார்."

"அப்படியானால் கால் சரியாகிவிட்டது."

"இல்லை சார்."

இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்றார். என் படிப்பும் அதைத்தான் சொன்னது. கூட வந்திருந்த தனபாக்கியத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, என்னவென்று கேட்டாள். சொன்னேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அம்மா வருசத்துல ஒரு நாளுதான் தூக்கிக்கிட்டுப் போவா. பாக்கி நாளு மில்லுக்கு யாரு தூக்குறது? இந்த சாஹேப் தூக்குவாரா, கேளுங்க!"

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஆபீஸர் துரையைப் பார்த்தார். துரை என் உடம்பை மேலும் கீழும் அளந்தார். முதலில் டாக்டர் சிரித்தார், பிறகு அறையே சிரித்தது. வலது ஷூவைக் கழற்றச் சொல்லி டாக்டர் பாதத்தை ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை குமாஸ்தா ஓடி வந்தார். தீக்காயம் ஒன்றுகூட இல்லை, எலும்பு இன்னும் கூடவில்லை, வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதினார். சாமி எங்கே தூக்கிப் போனாலும் தனக்கு எலும்புதான் கணக்கு, நிறுத்திய பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஆபீஸர் முடித்தார். அந்த இடத்திலேயே எனக்கு இன்னொரு முறை தீ மிதிக்கலாம் போலிருந்தது.

வெளியே வந்தால் வீங்கிய காலில் ஷூ ஏறவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். இடது காலில் மதராஸ் தோல் ஷூ டக் டக்கென்றது. வலது கால் வெறுங்காலாக, விரலிடுக்கில் இன்னும் போகாத ஃபிஜிக் கோயில் மஞ்சள் கறையோடு சத்தமில்லாமல் கூட வந்தது.

"ரெண்டையும் போடுங்க, இல்ல ரெண்டையும் கழட்டுங்க. ஜனங்க பாக்குது," என்றாள் தனபாக்கியம்.

என்னால் இரண்டும் முடியவில்லை. அப்படியே பஸ் ஏறினேன்.