வண்டி ஆகாத அக்கா

என் அக்கா இதுவரை நாற்பத்தொரு வண்டி கட்டியிருக்கிறாள். சும்மா வண்டி இல்லை. தார் ரோடு முடிகிற இடத்தில் மற்ற வண்டியெல்லாம் திரும்பி வரும் பாருங்கள், அங்கேயிருந்து கிளம்புகிற வண்டி. பாலைவனம், உப்புத்தரை, பாறைக்காடு என்று மாதக்கணக்கில் போகிறவர்கள் ஒரு ஜீப்பையோ பழைய லாரியையோ கொண்டுவந்து எங்கள் பட்டறையில் விடுவார்கள். அக்கா அதை எலும்பு வரைக்கும் பிரித்து, அடிச்சட்டத்தைப் பலப்படுத்தி, ஸ்பிரிங் மாற்றி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது டீசல் டேங்க் எல்லாம் வைத்து, ஒரு வீடாக்கித் திருப்பிக் கொடுப்பாள். வெல்டிங் அவள். வயரிங் நான். சண்டை இரண்டு பேரும்.

இப்பேர்ப்பட்ட அக்காவுக்கு வண்டியே ஆகாது. பட்டறைக்குள் எத்தனை டன் வண்டியையும் ஒரு சாண் இடம் விட்டுப் பின்னால் எடுத்து நிறுத்துவாள், அது வேறு. ஆனால் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போனால் போதும். இரண்டாவது வளைவில் முகம் வெளுக்கும். மூன்றாவது வளைவில் "நிறுத்துடா" என்பாள். எலுமிச்சம்பழம், இஞ்சி, மாத்திரை, காதில் பஞ்சு, ஊரில் யார் என்ன சொன்னாலும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. வீட்டுக்கும் பட்டறைக்கும் சைக்கிள். வெளியூரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் நான்தான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன்.

அவள் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. மச்சான் தவறியபோது அவள் மகளுக்கு நாலு வயது. அதுவரை அக்கா இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் பாதி கட்டி வைத்திருந்த ஒரு ஜீப் பட்டறையில் நின்றது. அதற்கு உரியவர் வந்து, "பரவாயில்லம்மா, நான் வேற எங்கயாவது முடிச்சுக்கறேன்" என்றார். அக்கா, "ஏன், நான் முடிச்சா ஓடாதா?" என்று கேட்டாள். ஓடியது. இன்றைக்கும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது ஆரம்பித்தது, இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி முடிந்ததும் 'உலுக்கல்'. பயணச் சாமானின் எடைக்கு எடை மணல் மூட்டை ஏற்றுவோம். தண்ணீர்த் தொட்டியை வழிய வழிய நிரப்புவோம். அலமாரியில் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் அடுக்குவோம். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி இருக்கிறது. அந்தக் குண்டிலும் குழியிலும் நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவேன். அக்கா சைக்கிளில் வந்து ஓரமாக, குறி போடக் கையில் சாக்குக்கட்டியோடு நிற்பாள். வண்டி கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "பின்பக்கம், வலது அலமாரி, கீழ்க் கீல்." போய்ப் பார்த்தால் அந்தக் கீலில்தான் திருகு தளர்ந்திருக்கும். உள்ளே உட்கார முடியாதவளுக்குக் கடவுள் கொடுத்த காது அது. என் இடது காது கிரைண்டர் பக்கத்திலேயே நின்று நின்று பாதி செத்துவிட்டது. அதனால் இந்த விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் திறப்பேன்.

மகள் வளர்ந்து, படித்து, நிலத்தடித் தண்ணீர் தேடுகிற வேலைக்குப் போனாள். போன இடம் இங்கேயிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர். கடைசி இருநூறுக்கு ரோடு என்று ஒன்று கிடையாது. அம்மாவுக்கு வண்டி ஆகாது, மகளுக்கு வண்டி போகாத இடம்தான் பிடிக்கும். என்ன சொல்ல!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கிளம்பினோம். அதற்கென்றே அக்கா ஒரு பழைய மஞ்சள் லாரியைக் கட்டினாள். பக்கத்து சீட்டை மட்டும் பத்து தடவை கழற்றி மாட்டினாள். தலைக்கு அணை, கழுத்துக்கு அணை, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு துணிப் பை. பை எதற்கு என்று உங்களுக்கே தெரியும். நூற்றிப்பத்தாவது கிலோமீட்டரில் அவளுக்கு வாந்தி எடுக்கக்கூட வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. கண் சொருகிப்போனாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வண்டியைத் திருப்பினேன். அந்தப் பக்கம், தார் ரோடு முடிகிற இடத்தில் மகள் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மறுநாள் முழுக்க எங்களுக்காகக் காத்திருந்தாளாம். அங்கே போன் எடுக்காது. அந்த இரண்டு நாற்காலி விஷயத்தை மட்டும் அவள் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

இந்த வருஷம், போன் எடுக்கிற ஊர் வரைக்கும் வந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, தண்ணி வந்துடுச்சு! நூத்தி அறுபது அடியில. நல்ல தண்ணி."

"அடி என் தங்கமே!"

"குழாய் போட இன்னும் மூணு வாரம் ஆகும். முதல் குழாயை நீதான் திறக்கணும். அதுக்கப்புறம் எங்க குழு இன்னும் உள்ளே போயிடும்மா. அங்கெல்லாம் நீ நினைச்சாலும் வர முடியாது."

"பார்க்கலாம்" என்றாள் அக்கா.

அவள் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்த ஒரு இரும்புத் துண்டை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். நான் போய், "மெதுவாப் போவோம்க்கா, பத்து நாளானாலும் பரவாயில்லை" என்றேன். "வேலையைப் பாருடா" என்றாள். முகமூடி போட்டிருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா!

அந்த வாரம்தான் பல் டாக்டர் திரும்பி வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற மனுஷர், தங்கமானவர். போன மாதம்தான் நாங்கள் கட்டிக் கொடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு மனைவியோடு கிளம்பியிருந்தார். நாலாவது நாளே திரும்பிவிட்டார்.

"அடியில இருந்து யாரோ தட்டற மாதிரி ஒரு சத்தம்மா. டங், டங்னு. எங்க வீட்டம்மா இனிமே ஏற மாட்டேன்னுட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வண்டியில் சத்தமா? உடனே மூட்டை ஏற்றி, தொட்டியை நிரப்பி, குவாரிக்குக் கொண்டுபோய் ஒன்பது சுற்று ஓட்டினேன். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்கவில்லை, வெளியே நின்ற அக்காவுக்கும் கேட்கவில்லை. மறுநாளும் அதே கதை.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க" என்றேன். "வருஷக்கணக்கா பல்லைக் குடையற மிஷின் சத்தத்தையே கேட்டு உங்க காது..."

மனுஷர் முகம் சுருங்கிப்போயிற்று. அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு அவரிடம், "சத்தம் முதல் நாளே வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ரெண்டாம் நாள் சாயங்காலத்துல இருந்து."

"அப்போ தொட்டியில தண்ணி எவ்வளவு இருந்தது?"

"பாதி இருக்கும்."

அக்கா அப்படியே ஒரு மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "டேய், நாற்பத்தொரு வண்டியையும் தொட்டியை ரொப்பி ரொப்பியே உலுக்கியிருக்கோம்டா. பாதித் தண்ணியில ஒண்ணைக்கூட உலுக்கினதில்லை."

நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதித் தொட்டியில் அது ஓடி வந்து சுவரில் மோதும். அதற்குத்தான் எல்லாத் தொட்டியிலும் நடுவே தடுப்புத் தகடு வைப்போம். டாக்டர் சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிறவர். கையை விட்டு உள்ளே முழுக்கத் தேய்த்துக் கழுவ வேண்டும், தடுப்பு வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நாங்களும் மண்டையை ஆட்டிவிட்டோம். எடை அதிகமென்றால்தான் வண்டிக்குக் கஷ்டம் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தோம், வேறென்ன. நான் டாக்டரைப் பார்த்து அசடு வழிந்தேன்.

பாதித் தண்ணீரைத் திறந்து விட்டோம். இனித் தண்ணீர் எந்த இடத்தில் மோதுகிறது என்று தெரிய வேண்டும், அங்கேதான் தடுப்பு. இன்ஜின் சத்தத்தில் அது வெளியே கேட்கவே கேட்காது. என் காது எப்படி என்று சொல்லிவிட்டேன். டாக்டருக்கு டங் என்று கேட்கும், எங்கே என்று சொல்லத் தெரியாது. வேறு வழியில்லாமல் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள்.

இரண்டாவது சுற்றில் இறங்கி ஓடினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஏறினாள். மறுபடி ஓடினாள்.

"ஒரே வேகத்துல போடா! மாத்தி மாத்தி மிதிச்சா எனக்கு எதைக் கேக்கறது?"

"ஒரே வேகத்துலதான் போறேன்!"

"கிழிச்ச. இறங்கு, நான் ஓட்டறேன்."

"நீயா? ஸ்டியரிங்மேலயே எடுப்ப."

"எடுத்தா கழுவு."

இறங்கினேன். அவள் நிற்கிற இடத்தில் நான் சாக்குக்கட்டியோடு நின்றேன். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துண்டு. டாக்டர் என் பக்கத்தில். ஒரு சுற்று வந்தாள், நிற்கவில்லை. இரண்டு. மூன்று. ஐந்தாவது சுற்றில் வேண்டுமென்றே பெரிய பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள். ஏழாவது சுற்று முடிந்து இறங்கியவள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வண்டிக்கு அடியில் போனாள்.

"தொட்டியோட முன்சுவர், அடியிலேர்ந்து ஒரு சாண். தாங்கற போல்ட்டும் விட்டிருக்கு. கட்டியைக் கொடு."

"அக்கா."

"கட்டியைக் கொடுடா."

"அக்கா, வாந்தி?"

அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தாள். எதையோ எங்கேயோ மறந்து வைத்துவிட்டவள் போல வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"வரலையேடா!"

டாக்டருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "ஓட்டறவங்களுக்குப் பெரும்பாலும் வராதும்மா. எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு உடம்புக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். எங்க வீட்டம்மாவுக்கும் வாந்தி வரும், அதனாலதான் அவங்க ஓட்டறாங்க; பக்கத்துல உட்கார்ந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. ஏன், உங்களுக்கு இது தெரியாதா?"

தெரியாது. யாருக்குத் தெரியும்? மாத்திரை சொன்னார்கள், இஞ்சி சொன்னார்கள், இடத்தை மாற்றி உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளிடம் லைசென்ஸ் இல்லையா? இருக்கிறது. அடையாளத்துக்குக் காட்டுகிற அட்டையாக அலமாரியில் கிடக்கிறது. பட்டறை கேட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் என்னுடையது என்று யார் சட்டம் போட்டது? யாரும் போடவில்லை. நான் சாவியை எடுத்துக்கொள்வேன், அவள் பக்கத்து சீட்டுக்குப் போவாள், அவ்வளவுதான். அவளுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக அவளை ஊரிலேயே உட்கார வைத்திருக்கிறேன். மஞ்சள் லாரியைத் திருப்பினேனே அன்றைக்கு, அவளைத் தூக்கி ஸ்டியரிங் பக்கம் உட்கார வைத்திருந்தால்! அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு. என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பட்டறைக்கு வந்ததும் மஞ்சள் லாரியின் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். "மன்னிச்சுடுக்கா" என்றேன். எனக்குச் சுலபத்தில் வருகிற வார்த்தை இல்லை அது.

அக்கா சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. "டயர்ல காத்து பாரு" என்றாள்.

டாக்டரின் தொட்டிக்குக் கழற்றி மாட்டுகிற மாதிரித் தடுப்பு வைத்து, பாதித் தண்ணீரில் உலுக்கி, அவரை அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் கிளம்பினோம். முதல் நாள் தார் ரோடு. அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, வயல், பாலம், ஏரி என்று பார்க்கிற எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அந்த வழியில் ஐம்பது தடவை போயிருக்கிறேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ரோடு முடிந்தது. மூன்றாம் நாள் காலை, தகரக் கூரை போல வரிவரியாக இருந்த தரையில் வண்டி ஏறியது. பிறந்ததிலிருந்து நான் பக்கத்து சீட்டில் இவ்வளவு தூரம் உட்கார்ந்ததில்லை. முதலில் லேசாகத் தலை சுற்றியது. சொல்லவில்லை, கௌரவம். பிறகு வாயில் எச்சில் ஊறியது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா."

"மெதுவாப் போனா வரி அதிகமாத் தூக்கும். பேசாம உட்காரு."

கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தத் துணிப் பை இருந்தது. சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறாள், அதைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் தூரத்தில் நாலு கூடாரம் தெரிந்தது, பக்கத்தில் ஒரு புதுக் குழாய். மகள் எங்கள் வண்டியின் நிறத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு கையில் சொம்புத் தண்ணீர், தோளில் ஈரத் துண்டு, தலைதெறிக்க ஓடி வந்தாள். நேரே பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தாள். அம்மா தலையைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள். கையில் கிடைத்தது என் தலை.

"மாமா?"

நான் துணிப் பையைத் தூக்கிக் காட்டினேன். அவள் மெதுவாக என்னைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மகள் சொம்பை என் மடியில் வைத்துவிட்டு அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழறது அப்புறம்" என்றாள் அக்கா. "ஏறு. தண்ணி வந்த இடத்தைக் காட்டு."

"எங்கம்மா ஏறறது? மாமா இருக்காரே."

"அவன் இறங்கி நடந்து வருவான். அவனுக்கு வண்டி ஆகாது."