புருஷன் மேல் டிம்ப்னா போட்ட வழக்கு

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, வழக்குப் போட்ட டிம்ப்னா கில்வாரியும் அவள் யார் மேல் போட்டாளோ அந்தப் புருஷன் மலாக்கியும் ஒரே காரில்தான் கோர்ட்டுக்குப் புறப்பட்டார்கள். மேயோ மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரே பின்னாலேயே போனது. நானும் போனேன்.

டிம்ப்னா அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவள். அவள் வாசிக்காத கல்யாணம் எங்கள் பக்கத்தில் கல்யாணமே இல்லை. போன வசந்தத்தில் இருவரும் சந்தைக்குப் போகும்போது, கஞ்சன் ஃபெஸ்டி காய்ன் தன் வீட்டுக்கு முழுக்க ஊதா நிறம் அடித்திருப்பது அவள் கண்ணில் பட்டது.

"மலாக்கி, அங்க பாரு. ஃபெஸ்டிக்கு என்னமோ ஆயிடுச்சு."

மலாக்கி பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்புத் தாங்காமல் ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தொடையைத் தட்டினான். கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கல்சுவரில் மோதியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த வருஷம் முழுக்க வாசிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"நஷ்டஈடு இன்சூரன்ஸ் கம்பெனிதான் தரணும். ஆனா உங்க வீட்டுக்காரர் அலட்சியமா ஓட்டினார்னு நிரூபிச்சாத்தான் தரும்" என்றாள் அவளுடைய வக்கீல் ஊனா.

"அப்ப என் மேல கேஸ் போடு. நல்லா போடு" என்றான் மலாக்கி.

அவனுக்காக வாதாடக் கம்பெனி ப்ரண்டி என்ற ஒல்லி வக்கீலை அனுப்பியது. மலாக்கி மேல் தப்பில்லை என்று காட்டுவது அவர் வேலை. மலாக்கிக்கோ தோற்றாக வேண்டும்.

"நீங்க ஜாக்கிரதையா ஓட்டறவர்தானே?" என்று கூண்டில் ஏறிய மலாக்கியிடம் ப்ரண்டி ஆரம்பித்தார்.

"இல்லைங்க. ரொம்ப மோசம்."

"ரோடு ஈரமா இருந்திருக்கும்."

"நேத்து ரொட்டி மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு."

"ஆடு ஏதாவது குறுக்கே வந்துச்சா?"

"வரலை. வந்திருந்தாலும் நான் எங்க பார்த்தேன்?"

ப்ரண்டி தன் கட்சிக்காரனை முறைத்தார். கோர்ட்டே குலுங்கியது. ஊனா எழுந்து, இவர் பொறுப்பில்லாத மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டார் என்று அடுக்கினாள். டிம்ப்னாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரை அப்படிச் சொல்லாதீங்க."

"நாம ஜெயிக்கணுமா, வேண்டாமா?" என்று ஊனா பல்லைக் கடித்தாள்.

"ஜெயிக்கணும். ஆனா அவரைத் திட்டாம ஜெயிங்க."

அடுத்து டிம்ப்னா கூண்டில் ஏறினாள். "அங்க பாருன்னு சொன்னது யாரு?" என்று ப்ரண்டி மடக்கினார். சொல்லாதே என்று மலாக்கி தலையை ஆட்டினான். அவள் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தாள்.

"நான்தான்" என்றாள். "பாருன்னுதான் சொன்னேன். பார்த்துக்கிட்டே இருன்னு சொல்லலை."

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வீடு நிஜமாவே அவ்வளவு ஊதாவா?"

பின்வரிசையிலிருந்து ஃபெஸ்டியே எழுந்தான். "பெயின்ட் சல்லிசா கிடைச்சுதுங்க."

சிரிப்பு அடங்கியதும் தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓட்டுபவரின் கடமை. கவனமுள்ள எவரும் ஓடுகிற காரில் கையை விடமாட்டார், இவர் விட்டார். அதனால்தான் மணிக்கட்டு முறிந்தது. ஆகவே இது அலட்சியம், நஷ்டஈடு உண்டு. ஆனால் வளைவில் ஓட்டுபவரை வேடிக்கை பார்க்கச் சொன்னது அந்த அம்மாளின் பங்கு. அதற்காகப் பத்தில் ஒரு பாகம் கழிக்கப்படும்.

"தோத்துட்டேன்" என்று மலாக்கி ப்ரண்டியைக் கட்டிக்கொண்டான். விடாமல் அவரையும் எதிரே இருந்த பப்புக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"உன் வக்கீலால பத்துல ஒரு பாகம் போச்சு" என்றாள் டிம்ப்னா, சூப்பை ஊதிக்கொண்டே.

"வக்கீலாலயா? உன் வாயால போச்சு."

ப்ரண்டிக்குப் புரையேறியது. அவர் முதுகில் மலாக்கி ஒரு பக்கமும், நல்ல கையால் டிம்ப்னா ஒரு பக்கமுமாகத் தட்டினார்கள்.