உதடு ஒட்டும் இடம்

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது அம்சவேணியின் கடை. கல்யாணம், திருவிழா வீடியோக்களைப் பென் டிரைவில் ஏற்றித் தருவது தொழில். யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "ஊட்டுல என்ன பொட்டிங்க?"

"பாட்டு ஏத்திக் குடுன்னா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் ஊட்டுல என்ன இருக்குதுன்னு கேக்கறயே கண்ணு," என்பார் மிளகு விவசாயி அர்த்தனாரி.

டிவிப் பெட்டி புதுசா பழசா என்று கேட்காமல் முடியாது. புதிய செல்போன்கள் வீடியோவைப் புதிய முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. பழைய டிவிடி பிளேயருக்கு அது புரியாது. ஃபைலே இல்லை என்று காட்டும், இல்லையென்றால் திரை கறுத்துப்போகும். மலையில் இடி இறங்கிப் புது டிவி கருகிய வீடுகளில் எல்லாம் பழைய டிவியும் பிளேயரும் பரணிலிருந்து இறங்கிவிட்டன. அவற்றுக்காகப் படத்தின் அளவைக் குறைத்து, ஏவிஐ ஃபைலாக மாற்ற வேண்டும். மாற்றியதை ஓட்டிப் பார்க்காமல் அம்சவேணி யாருக்கும் கொடுத்ததில்லை.

அவள் கணவன் பிரேம் கல்யாண வீடியோ எடுப்பவன். ஐப்பசியில் ஈரல் கெட்டு இறந்தான். நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே, அம்மாவுக்கென்று தன் செல்போனில் ஒரு வீடியோ பேசி அனுப்பியிருந்தான். அம்சவேணி அதைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் அழவும் இல்லை. காரியத்துக்கு முன்பே கடையைத் திறந்துவிட்டாள். கல்லு மாதிரி இருக்கா என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

மலையின் இன்னொரு பக்கம், பெரக்கரை நாட்டு ஊரிலிருந்து மாமியார் கண்ணாயி போனில் கேட்டாள்: "செல்லுல வெரலுத்தண்டி தெரியறான் சாமி. காரியத்துக்குச் சொந்தமெல்லாம் வருது. டிவில பேசட்டும்."

அந்த வீட்டில் என்ன பெட்டி என்பது அம்சவேணிக்குத் தெரியும். மாற்றினாள். இதை மட்டும் ஓட்டிப் பார்க்காமல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் கண்ணாயியே வந்து இறங்கினாள்.

"வாயி ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது. வேற எவனோ பின்னால நின்னு பேசறாப்ல இருக்குது. எம் பையன் இப்பிடியா பேசுவான்?"

"சரி பண்ணித் தாரேங்க அத்த."

"நீ அழுவாட்டிப் போவுது. இதையாச்சும் ஒழுங்காப் பண்ணு."

மாமியாரை மதிய பஸ்ஸில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். தப்பு உடனே பிடிபட்டது. வெளிச்சம் குறைந்தால் செல்போன் நொடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சீராக்காமல் மாற்றினால், போகப் போகப் பேச்சு படத்தைவிட்டு விலகும். படங்களின் எண்ணிக்கையை நிலையாக வைத்து மறுபடி மாற்றினாள். சரியாகிவிட்டதா என்று அறிய உதட்டைத்தான் பார்க்க வேண்டும். 'ம', 'ப' வரும்போது உதடு ஒட்டும். சத்தமும் அங்கேயே விழ வேண்டும். ஓட்டினாள், நிறுத்தினாள், பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாள். கடைசியில் கொஞ்சம் விலகியது. அதையும் நகர்த்திச் சேர்த்தாள்.

காரியத்தன்று டிவி முன்னால் இடமில்லை. பிரேம் பேசினான். கண்ணாயி எழுந்து போய்த் திரையைத் தடவினாள்.

"இப்பத்தான் எம் பையன்," என்றாள்.

எல்லோரும் அழுதார்கள். அம்சவேணி சுவரோரம் நின்று உதட்டைப் பார்த்தாள். கடைசிவரை சரியாக இருந்தது.

பஸ்ஸைத் தவறவிட்ட நாத்தனார் கலைச்செல்வி, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாள்.

"அண்ணன் என்னங்கண்ணி சொல்லுச்சு? உங்களப் பத்தி எதாச்சும் சொல்லுச்சா?"

அம்சவேணி யோசித்தாள். சத்தமும் உதடும் சேர்ந்த இடங்கள் ஒவ்வொன்றும் நினைவில் இருந்தன.

"தெரியல கண்ணு. சேருதான்னுதான் பாத்தேன். இரு, மறுக்காப் போடறேன்."

ரிமோட்டை அழுத்திவிட்டு, இம்முறை திரையைப் பார்க்காமல் நின்றாள். நடுவில் எங்கோ தன் பெயர் கேட்டது. அடுத்து அவன் என்ன சொன்னான் என்பது காதில் விழுவதற்குள் கலைச்செல்வி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.