நூற்றெழுபது பாகையில் ஒரு கலியாணம்

போன சனி பிக்கரிங்கில் ஒரு நண்பன் வீட்டுச் சுவரில் மணிக்கூட்டைக் கண்டதும் என் தலை தானாகவே ஒரு பக்கம் சரிந்தது. "அது நேராத்தான் கிடக்கு, நீ தலையை நிமித்து" என்றான் அவன். அவனுக்குக் காரணம் தெரியும். உங்களுக்குச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த நாட்களில், வார இறுதிகளில் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் வேலை. கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போடுவது, பன்னீர்ச் செம்பு நிரப்புவது. இன்றைக்கும் பன்னீர் மணத்தால் எனக்கு இடுப்பு வலிக்கும். மண்டபத்தை நடத்திய ரவி அண்ணை ஒருநாள் சூரியன் மாதிரி மணிக்கூடு ஒன்று வாங்கிவந்தார். சுற்றிவரப் பன்னிரண்டு தங்கக் கதிர்கள். இலக்கங்கள் இல்லை.

"இலக்கம் இல்லாட்டித்தான் ஸ்டைல் தம்பி. மேடைப் பக்கத்துச் சுவரில கொழுவி விடு."

பின்னால் எது மேல்பக்கம் என்று காட்டும் அம்புக்குறியைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைத்தேன். கொழுவும்போதுதான் அதைப் பார்க்கவில்லை. ஒரு கதிர் தள்ளிக் கொழுவிவிட்டேன்.

அடுத்தநாள் கலியாணம். இங்கேயே பிறந்த மணமகளுக்குப் போனும் கைமணிக்கூடும் இல்லாத கலியாணம் வேண்டுமாம். ஐயருடையது, எங்களுடையது எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய், தோழியின் கார் டிக்கியில் ஏறின. தோழி, மறந்துபோன மாலையை எடுக்கக் காரோடு போய்விட்டாள்.

முகூர்த்தம் பத்து ஐந்திலிருந்து பத்து ஐம்பது வரை. மணமகளின் தாய் சுவரைப் பார்த்தார்.

"ஐயோ, பதினொண்டு இருபத்தஞ்சு. முகூர்த்தம் போயிட்டுது. இனித் தாலி கட்டக்கூடாது."

"அம்மா, சீரியஸ்லி?" என்றாள் மணமகள்.

எனக்கு விளங்கிவிட்டது. உண்மையில் பத்து இருபது. முழு மணிக்கூடும் ஒரு கதிரளவு, முப்பது பாகை, திரும்பி நிற்கிறது. ஆனால் ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். ஆகவே கேத்திரகணிதத்தில் ஒளிந்தேன்.

"அன்ரி, மணிக்கூடு எப்பிடித் திரும்பினாலும் முள்ளுகளுக்கு இடையில கோணம் மாறாது. பதினொண்டு இருபத்தஞ்செண்டால் நூற்றறுபத்தேழரைப் பாகை. உது நூற்றெழுபது, அப்ப பத்து இருபதுதான். பாருங்கோ."

மாப்பிள்ளையின் மாமா எஞ்சினியராம். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எனக்கு நூற்றறுபத்தேழரை மாதிரித்தான் கிடக்கு."

இரண்டரைப் பாகையில் சம்பந்திகள் பிரிந்தார்கள். மணமகள் பக்கம் நூற்றறுபத்தேழரைக்கு அழுதது. மாப்பிள்ளை பக்கத்தில் மாமாவைத் தவிர எல்லோரும் நூற்றெழுபது. தவில்காரர் நடுநிலை. அந்நேரம் சமையல்காரர் கரண்டியோடு வந்தார்.

"ஓவனில பத்து இருபத்தெட்டு. சாம்பாரை இறக்கட்டோ?"

"ஓவனை நம்பித் தாலி கட்டுறதோ?" என்று தாய் விம்மினார்.

மணமகள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு முன்னால் எந்தத் தேற்றமும் நிற்காது.

"நான்தான் அன்ரி, கோணலாக் கொழுவினனான்."

தாய் என்னையும் கரண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "கட்டுங்கோ." கெட்டிமேளம் கொட்டியது. ரவி அண்ணை என் காதுக்குள், "தம்பி, நாளைக்கு வரவேண்டாம்" என்றார்.

அந்த மாப்பிள்ளைதான் என் பிக்கரிங் நண்பன். மண்டபம் இப்போது உடற்பயிற்சிக்கூடம். சுவரில் சிவப்பு இலக்கங்கள் மினுங்குகின்றன, கோணமே கிடையாது. மணிக்கூடு எங்கே போனதோ. தாய் அதைக் கலியாணப் படத்திலிருந்தும் அழிப்பித்துவிட்டார், பார்க்கிறவர்கள் முகூர்த்தம் தவறிப்போனது என்று நினைப்பார்களாம். தாலி ஏறும் அந்தப் படத்தில் ஐயர், தாய், மாமா, தவில்காரர் எல்லோரும் கவலையோடு ஒரு வெறும் சுவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். மணமகள் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். அவனும் சுவரைத்தான்.