குறையைச் சொல்லி விற்பது

அந்த ஹெட்போனை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தபோது என் மனைவியிடம் நான் சொன்ன காரணம் பொய். ஒரு வருடமாகத் தொடவே இல்லை, பெட்டிக்குள் கிடந்தால் தோல் உரிந்துவிடும், கேட்கிறவர் யாராவது வாங்கிக் கேட்கட்டும் என்றேன். அதை வாங்கியபோது அவளிடம் சொன்ன காரணமும் பொய்தான்.

நல்ல பொருள் அது. காதை மூடும் கிண்ணங்கள் மரத்தால் ஆனவை, உள்ளே மெத்தென்ற தோல். மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் இணைத்துத்தான் கேட்க வேண்டும். மாட்டிக்கொண்டால் வெளியுலகம் நின்றுவிடும். வீணைக் கச்சேரியில் கலைஞர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும் என்று வாங்கிய புதிதில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். கேட்கும்தான். ஆனால் நான் அதற்காக வாங்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். ஒலியியல் எனக்குப் பிடித்த பாடம். என் மனைவி சோமனூர்க்காரி. அவர்கள் வீட்டின் முன்பாதியில் விசைத்தறிகள் ஓடும், பின்பாதியில் குடும்பம் நடக்கும். கல்யாணம் ஆகும் வரை தறியில் நின்றவள். அவள் குரல் பெரியது. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால் அடுத்த வீட்டுக்காரரும் பதில் யோசிப்பார். உடன் வேலை செய்தவர்களின் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் நான் அவளை விட்டு நாலு நாற்காலி தள்ளி உட்காருவேன். திரும்பும் வழியில், "கொஞ்சம் மெதுவாப் பேசினா என்ன?" என்பேன். அன்றைக்கு முழுக்கப் பேசாமல் இருப்பாள். மறுநாள் பழையபடி ஆகிவிடும். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையில் இருந்தவரை பகல் பொழுதாவது கல்லூரியில் கழிந்தது. ஓய்வுபெற்றதும் நாள் முழுக்க வீடு, நாள் முழுக்க அந்தக் குரல். அதற்காகத்தான் ஹெட்போன். சங்கீதம் கேட்கப் போகிறேன் என்றேன். மாட்டிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வேன்.

அவள் குறை ஒன்றும் சொல்லவில்லை. தறி ஓடும் இடத்தில் யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. முகத்துக்கு எதிரே வந்து நின்று, குரலே இல்லாமல் உதட்டையும் கையையும் அசைத்துப் பேசுவார்கள். ஹெட்போன் மாட்டிய என்னிடமும் அவள் அப்படித்தான் பேசினாள். எப்போதாவது கண்ணைத் திறந்தால் எதிரே நின்று வாயசைத்துக்கொண்டிருப்பாள். காப்பி வேண்டுமா என்று கேட்கிறாள் போல என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

போன வருடம் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. மருத்துவர் காதையும் பார்க்கச் சொன்னார். பரிசோதித்த பெண் முதலில் எதிரே உட்கார்ந்து ஏதேதோ கேட்டாள். என் மனைவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அந்தப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்டாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமே புரியாத முகம்.

"எத்தனை வருஷமா இப்படி, சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒலியியல் நடத்தியவனுக்குத் தெரியவில்லை.

"தறியில நின்னவங்க காது இப்படித்தானுங்க இருக்கும்" என்றாள் என் மனைவி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால் அவள் ஏன் திரும்பவே மாட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. அத்தனை வருடமும் என் உதட்டைப் பார்த்துத்தான் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

காது மிஷின் மாட்டிய அன்றே அவள் குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மிக்ஸியைப் போட்டவள் உடனே நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "ஏனுங்க, இத்தன சத்தத்துலயா இருந்தீங்க? பாவம்" என்றாள். அதற்குப் பிறகு நான் ஹெட்போனைத் தொடவில்லை. தேவையும் இல்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி கண்ணில் படும். அதைப் பார்க்க முடியாமல்தான் விற்கக் கிளம்பினேன். அவளிடம் உண்மையைச் சொல்லாமலேயே அது வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று இருந்தது.

இணையத்தில் விளம்பரம் போட்டேன். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் பேசினார், ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். நாற்பது வயது இருக்கும். ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தோலைத் தடவினார், மாட்டிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார்.

"அருமையான சாமானுங்க. எதுக்குங்க குடுக்கறீங்க?"

"இப்பெல்லாம் கேக்கறதில்லீங்க."

"அப்படிச் சொன்னா எப்படிங்க? எங்கூர்ப் பக்கம் சந்தையில மாடு புடிக்கப் போனா, என்ன குறைன்னு கேட்டுப்போட்டுத்தான் கயித்தைக் கையில வாங்குவோம். முட்டுமா, ஒதைக்குமா, இருக்கறதைச் சொல்லிப்போடுங்க."

என் மனைவி அவருக்குக் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயர் சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"குறை சாமான்ல இல்லீங்க. இவ குரல் என் காதுல விழக்கூடாதுன்னு வாங்கினது இது. இவளுக்குக் காது கேக்காததுனாலதான் சத்தமாப் பேசறான்னு எனக்குத் தெரியலை. இப்ப இதைப் பார்க்கவே முடியலைங்க" என்றேன்.

அவர் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்.

"இதைச் சொல்றதுக்காக்கும் காங்கேயத்துல இருந்து ஒரு மனுசனை வர வெச்சீங்க?" என்றாள் என் மனைவி. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கரண்ட் போனப்பக்கூட அதை மாட்டிட்டு உக்காந்திருப்பீங்க. கரண்ட் இல்லாம என்னத்தைப் பாடுச்சாம்?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இவரு கண்ணை மூடுனதும் எதுக்கால வந்து நின்னு நானு வாய்க்கு வந்தபடி வெய்ய ஆரம்பிச்சிருவனுங்க. தறியோட்டறப்ப மேஸ்திரியை அப்படித்தான் வெய்வோம், வாய் மட்டும் அசையும். இவுங்கம்மாவுல ஆரம்பிச்சேன்னா கல்யாணத்துல மோதிரம் போடாத பெரியப்பன் வரைக்கும் போயிட்டுத்தான் நிப்பேன். ஒருநாள் இவரு கண்ணைத் தொறந்து பாத்துப்போட்டு, ஆமாம் ஆமாம்னு தலையாட்டறாரு."

அவருக்குக் காப்பி புரையேறியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்படி என்னனுங்கம்மா வெய்வீங்க?" என்றார்.

"அது ஊட்டுச் சமாச்சாரமுங்க."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "வசவு மட்டுந்தானா அம்மணி?" என்று கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முழங்கால் வலியைச் சொல்லுவேன். நம்ம புள்ள போன்ல என்ன பேசுனாள்னு சொல்லுவேன். தெனமும் வெய்யறதுக்கு எங்க போறது?"

ஹெட்போனைக் கையில் எடுத்தாள். "குடுக்கறதுக்கு முன்னால நானும் ஒருக்கா கேட்டுப் பாக்கறேன்" என்றாள். காது மிஷின்களைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, கொண்டையில் இடிக்காமல் சரிசெய்து, ஒலியை மெல்ல மெல்லக் கூட்டினேன். ஓர் இடத்தில் அவள் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதிரே போய் நின்று, குரலே எழுப்பாமல், நான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். கையையும் அசைத்தேன் என்று நினைக்கிறேன்.

"செரி, செரி" என்றாள் அவள், தெருவே கேட்கும் அந்தப் பழைய குரலில். "காப்பி ஆறுது, அவரைக் குடிக்கச் சொல்லுங்க."

காங்கேயத்துக்காரர் மீதிக் காப்பியைக் குடித்தார். "இந்த மாட்டை நீங்க விக்க மாட்டீங்க" என்று எழுந்தார். எண்ணெய் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. என் மனைவி தோட்டத்து எலுமிச்சம்பழங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது ஹெட்போன் அவளுடையது. சாயங்காலம் மிஷின்களைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு உட்காருகிறாள். நான் எதிரே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை வாயசைத்துச் சொல்கிறேன். குரலோடு பேசியபோது என் உதட்டைப் படித்துப் பழகியவளுக்கு, குரலில்லாமல் நான் வாயைக் கோணுவதில் பாதி புரிவதில்லை.

"பாடம் நடத்தறாப்பல முணுமுணுன்னு பேசாதீங்க, வாயை நல்லாத் தொறங்க" என்கிறாள். அடுத்த வீட்டில் யாரோ சிரிப்பது கேட்கிறது. நான் வாயைத் திறக்கிறேன்.