சலிக்க மாட்டேன் என்ற நாகலட்சுமி

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். நாகலட்சுமி அங்கே திருப்புலி நாட்டில் பிறந்து அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். மிளகு பறிக்க எந்த மரத்திலும் ஏறிவிடுவாள், நாலு பேர் முன்னால் பேசத்தான் பயம் என்று அவள் கணவன் சசிதரன் கேலி செய்வான். கல்யாணமான புதிதில் இருவரும் மலையிறங்கி, சேந்தமங்கலத்துக்கு வெளியே தனபாலின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

டேங்கர் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பழைய துருவை உரித்தெடுக்கும் பட்டறை அது. கம்ப்ரசர் காற்றில் மணலைப் பீய்ச்சி அடித்தால் துரு போய் இரும்பு வெள்ளிபோல் பளிச்சென்று ஆகும். மணல் குழாயைப் பிடிப்பவர்கள் சசிதரனும், மூத்தவரான காளியண்ணனும். கீழே கொட்டும் மணலைக் கூட்டியள்ளிச் சலித்து, மறுபடி அடிக்கத் தருவது நாகலட்சுமியின் வேலை.

காளியண்ணனுக்குத்தான் முதலில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காசநோய் என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டார், இருமல் குறையவில்லை. வேறொரு டாக்டர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மணல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகியிருந்தது. தழும்பை ஆற்ற மருந்தில்லை, இனிமேல் தூசி பக்கமே போகக்கூடாது என்றார்.

தனபால் கெட்டவரல்ல. செய்தி கேட்டு ஆடிப்போனவர், தலை முழுவதையும் மூடும் கவசம் ஒன்றைச் சசிதரனுக்கு வரவழைத்தார். வெளியிலிருந்து ஒரு குழாய் வழியே அதற்குள் சுத்தமான காற்று வந்துகொண்டிருக்கும். நாகலட்சுமிக்கு மட்டும் முகத்தைச் சுற்றிக் கட்ட வழக்கம்போலப் பழைய சேலைத் துணிதான்.

நோம்பித் திருவிழாவுக்கு மலைக்குப் போனபோது, அம்மா வீட்டுத் தோட்டத்து மேட்டில் ஏறியவளுக்கு நடுவழியில் மூச்சு வாங்கியது. சின்ன வயதிலிருந்து ஓடி ஏறிய மேடு. அன்று பிடித்த பயம் அவளை விடவில்லை.

பட்டறைக்குத் திரும்பிய பிறகு ஒரு மதியம் அந்தத் தூசியைக் கண்ணாலேயே பார்த்தாள். மணல் அடிப்பது நின்று வெகுநேரமாகியிருந்தது. தகர இடுக்கில் விழுந்த வெயிலில் தூசி அசைந்துகொண்டே இருந்தது. அடித்து அடித்து மாவாகிப்போன மணல். கவசத்தைக் கழற்றிவிட்டு சசிதரனும் அதற்குள்தான் நின்றான். விளக்குமாறோடு அவளும் நின்றாள்.

மறுநாள் மணலில் தண்ணீர் தெளித்துச் சலித்தாள். தூசி அடங்கியது. ஆனால் ஈர மணல் குழாயை அடைத்துக்கொள்ள, அன்றைய வேலை கெட்டது. தனபால் கத்தினார். சசிதரனும் முகம் சுளித்தான். அதற்கு அடுத்த நாள் அவள் சல்லடையைத் தொடவே இல்லை.

"ஏனுங்கண்ணா, நான் இனி மணல் சலிக்கறதில்லீங்க."

"ஏன் அம்மணி, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றார் தனபால்.

"நல்லா இருக்கறப்பவே சொல்லீர்றேனுங்க. அவருக்குக் கவசம் வாங்கிக் குடுத்தீங்க. அதே தூசியிலதானுங்களே நானும் நிக்கறேன்?"

"குழாய் புடிக்கறவனுக்குத்தான் ஆபத்து. நீ கூட்டறதுதானே?"

"கூட்டறப்பத்தானுங்க அது மறுக்கா எந்திரிக்குது."

சசிதரன் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான். "அவ சொல்றது நெசந்தானுங்க," என்றான்.

"அப்படின்னா ரெண்டு பேரும் மலைக்கே போங்க!" என்று தனபால் கோபத்தில் சொல்லிவிட்டார். அவர்களும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

கோபம் ஆறியதும் தனபால் காளியண்ணனைப் பார்க்கப் போனார். நாகலட்சுமியைப் பற்றிக் குறை சொன்னார். காளியண்ணன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கும்... என்னய மாதிரி... ஆகோணுமா தனபாலு? மணலையே உட்டுரு."

தை பிறந்த பிறகு தனபால் மலைக்கு வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, வெளிறிய முகத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார். நாகலட்சுமி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள்.

"மணலை நிறுத்தீட்டேன் அம்மணி. இனிமே இரும்புக் குருணைதான், அது மணலாட்டம் லேசுல மாவாகாது. அடிக்கறதுக்குத் தனி ரூம் கட்டியாச்சு, தூசியை உறிஞ்ச மிஷின் மாட்டியாச்சு. வெளக்குமாறு கெடையாது. உள்ள போற எல்லாருக்கும் கவசம். வாரீங்களா?"

"எங்க நெஞ்சையும் படம் புடிச்சுப் பாக்கோணுமுங்க," என்றாள் அவள்.

அவர் சரி என்றார். எக்ஸ்ரேயில் அவள் நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டர் அதைச் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டாள். சசிதரனுடையதில் மட்டும் லேசான நிழல். தூசியை விட்டு விலகி, வருஷம் தவறாமல் வந்து காட்டச் சொன்னார். அதனால் அவன் வெளியே கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினான். காளியண்ணனுக்கும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது.

குழாய் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நாகலட்சுமி அந்த வேலையைத் தனக்குக் கேட்டாள், கற்றும் கொண்டாள்.

முதல் முழு டேங்கரை அடித்து முடித்து, அறையில் தூசி அடங்கிய பிறகு வெளியே வந்து கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் வியர்வை மட்டும்தான் இருந்தது. சசிதரன் கண்ணாடி ஜன்னல் வழியே டேங்கரை உற்றுப் பார்த்தான்.

"அடிப்பக்கம் கொஞ்சம் துரு நிக்குது பாரு."

"எங்கீங்க?" என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவள் கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.