ஐந்தாவது இலட்சியம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கல்லறைகளைப் பார்த்து வளர்ந்த நான், அவர்கள் நாட்டுக்கே மேல்படிப்புக்குப் போக இருந்தேன். கிளம்பும் முன் சொந்த இலட்சியங்களை எழுதி வைக்கச் சொல்லியிருந்தது அந்தக் கல்லூரி. ஐந்து எழுதினேன். படித்துக் காட்ட ஏரிக்குப் போனேன்.

அம்மா மார்பு வரை நனையத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்ததால் குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுதான் வசதி. கரையில் நின்று கத்திப் படித்தேன். முதல் மதிப்பெண் வாங்குவேன். நானே சமைப்பேன். அழ மாட்டேன். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை தவறாம உனக்குப் போன் பண்ணுவேன்."

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பறி தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் ஏரிக்கே போயிற்று.

"மெட்ராஸ் ஆஸ்டல்ல இருந்தப்பவே ஒரு போன் பண்ணல நீ. இப்ப இன்னாடி இது?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து, ஐந்தாவதன் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டேன்.

முதல் நான்கையும் செய்து முடித்தேன். அங்கிருந்த இரண்டு வருஷமும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போன் வந்தது. பண்ணியது அம்மா.